கயிறு ஓடும்போது எங்க நிக்கணும்

காலை அதுமேல வைக்காதீங்க டீச்சர். பாக்கத்தான் அட்டைப்பெட்டி, உள்ள மோட்டார் இருக்கு. நீங்க டீச்சர்தான? இல்லையா? ஆபீஸா? சரி, பரவால்ல. கண்ணாடியும் குடையுமா டீச்சர் மாதிரிதான் இருக்கீங்க, நான் டீச்சர்னே கூப்பிடுதேன். கொஞ்சம் ஜன்னலோரமாத் தள்ளுனீங்கன்னா இதை ரெண்டு காலுக்கும் நடுவுல இடுக்கிக்கிடுவேன். ஆங், போதும் போதும்.

கண்டக்டர் என்ன கேட்டான் பாத்தீங்கள்ல? லக்கேஜ் போடணுமாம், டிரைவர் பக்கத்துல கொண்டு வைக்கணுமாம். அங்க வச்சா ஏறுறவன் எறங்குறவன் எல்லாவனும் மிதிச்சிட்டுப் போவான். கைக்குழந்தைக்கு லக்கேஜ் போடுவியாய்யா, இது எனக்குக் கைக்குழந்தைன்னேன். தலையில அடிச்சிக்கிட்டுப் போறான். இந்த வண்டியை எப்பதான் எடுப்பான்? நான் வந்து உக்காந்தப்ப டிரைவர் டீ குடிக்கப் போனான், இன்னும் குடிக்கான். கிளாஸ்ல குடிக்கானா, அண்டாவுல குடிக்கானா?

என்னதுன்னு நீங்களும் கேக்க மாட்டேங்கிறீங்களே. நங்கூரம் தூக்குற மிஷின். கரண்டு மிஷின். வள்ளத்தோட முன்தலையில இதை மாட்டிட்டா போதும். ஒரு பட்டனை அமுக்குனா நங்கூரம் கடலுக்குள்ள எறங்கும், இன்னொரு பட்டனை அமுக்குனா மேல வரும். மனுசன் கயித்தைக் கையால தொடவே வேண்டாம். எங்க கடக்கரையில யார்கிட்டயும் கிடையாது. ஊருக்கே முதல் மிஷின் எங்களதுதான். சொல்லிக்கிட்டா என்ன தப்பு?

எம்பேரு ஜெசிந்தா. திருச்செந்தூருக்கும் அந்தாண்ட கடக்கரை ஊரு, மீன் யாவாரம். எங்க வீட்டுல உள்ளவிய பேரு கஸ்பார். புருசன் பேரைச் சொல்லக் கூடாதும்பாவ, நான் சொல்லுவேன். சொன்னா என்ன, தேய்ஞ்சா போயிருவாவ?

விஷயம் என்னன்னா, திங்கக்கிழமை எங்க வள்ளம் கடல்ல எறங்கணும். எறங்கியே ஆவணும். வைகாசியில கரையேத்தினது, இப்ப புரட்டாசி. இன்னும் மணல்ல கவுந்து கெடக்கு. அதுக்கு அடியில நாய் குட்டி போட்டிருக்கு டீச்சர்! நான் அந்தப் பக்கம் போனா என்னைப் பாத்து உறுமுது. எங்க வள்ளத்துல குடியிருந்துக்கிட்டு எங்களையே உறுமுது. எந்தம்பி தொம்மை இருக்கான், கூடப்பிறந்தவன். அவனும் இவியளும்தான் ஒண்ணா தொழிலுக்குப் போறது. அவன் சொல்லிட்டான், அக்கா, திங்கக்கிழமையும் அத்தான் வரலைன்னா நான் வேற வள்ளத்துக்குப் போயிருவேன்னு. அவனுக்கும் பிள்ளகுட்டி இருக்குல்ல. அவன் போயிட்டான்னா அவ்வளவுதான், வள்ளத்தை வித்துர வேண்டியதுதான். அதான் இவ்வளவு பறப்பு எனக்கு.

எடுத்துட்டான், வண்டியை எடுத்துட்டான். மாதாவே, ஒருவழியா.

இருங்க, ஒரு போன் அடிச்சுக்கிடுதேன். வாங்கியாச்சுன்னு சொல்லணும். ... அடிக்குது, எடுக்கக் காணும். வேலையில இருப்பாவ. வேலைன்னா என்ன வேலை தெரியுமா? ஐஸ் பேக்டரி. கடல்ல ராசா மாதிரி நின்ன மனுசன், கோணிச்சாக்கைத் தோள்ல போட்டுக்கிட்டு ஐஸ் பாளத்தைத் தூக்கி வேன்ல அடுக்கிக்கிட்டு இருக்காவ. காலையில இருந்து பொழுது சாயுற வரைக்கும் இதே வேலை. நான் யாவாரத்துக்கு ஐஸ் எடுக்கப் போனா எனக்கே வந்து போட்டுத் தாராவ. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும். வேற ஆளு இல்லையான்னு கேப்பேன். சிரிச்சிக்கிட்டே போயிருவாவ.

நான் அவியள எதைப் பாத்துக் கட்டிக்கிட்டேன்னு நினைக்கீங்க? வீடு இருந்துச்சா, வாசல் இருந்துச்சா? ஒண்ணும் கெடையாது. அணியத்துல நிக்கிற நிலையைப் பாத்துத்தான். அணியம்னா வள்ளத்தோட முன்தலை. அலை வந்து தூக்கி அடிக்கும், வள்ளம் செங்குத்தா நிக்கும், இவிய ஒரு கையில கயித்தைப் பிடிச்சிக்கிட்டு அசையாம நிப்பாவ. எங்கம்மைகிட்ட சொல்லிட்டேன், கட்டுனா அந்த அணியத்துல நிக்கிறவரைத்தான்னு. வெக்கமில்லாமத்தான் சொன்னேன். இப்ப பாருங்க, ஐஸ்காரன் பொண்டாட்டி ஆயிட்டேன்.

எதுக்கு ஐஸுக்குப் போனாவன்னா, தோள்பட்டை. வைகாசியில ஒரு நாள் நங்கூரம் எடுக்கும்போது பிடிச்சிக்கிட்டு. கையைத் தூக்க முடியல, நங்கூரம் இழுக்க முடியாது, நான் கடலுக்கு வரலைன்னுட்டாவ. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். படம் எடுத்துப் பாத்துட்டு, எலும்புல ஒண்ணும் இல்ல, எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு ஒரு களிம்பைக் கொடுத்துட்டாரு டாக்டர். என்னத்தப் படிச்சாரோ. ஆளு வலிக்குன்னு சொல்லுதாவ, அவரு இல்லைங்காரு.

அந்த நாளை நினைச்சா எனக்கு இன்னும் வயிறு எரியும் டீச்சர். எதுக்குன்னா அந்த நங்கூரத்துக்கு. நான் பட்டறையில முழுசா ஒரு நாள் நின்னு, கண்ணு முன்னாடி அடிச்சு வாங்குன நங்கூரம். நாலு கொக்கி, ஒவ்வொண்ணும் என் கைத்தண்டி. புதுக் கயிறு வேற. அம்புட்டும் போச்சு.

எப்படிப் போச்சுன்னா, கேளுங்க. எங்க ஆளுக போறது தூண்டில் தொழிலு. கடலுக்கடியில பாறை மேடு இருக்கும், அதை நாங்க பாருன்னு சொல்லுவோம். அதுமேல நங்கூரம் போட்டு நின்னாத்தான் விளமீனு, கலவா எல்லாம் கொத்தும். பாறைன்னா நங்கூரம் மாட்டத்தான செய்யும்? அதுக்கு எங்க ஆளுக ஒரு வேலை செய்வாவ. கயித்தை நங்கூரத்தோட தலையில கட்ட மாட்டாவ. அடியில, கொக்கி எல்லாம் சேருதுல்லா, அந்த எடத்துல கட்டுவாவ. அங்கேருந்து கயித்தைத் தண்டோட கொண்டுவந்து, தலை வளையத்துல சும்மா ஒரு சரடு, லேசான நூல் சரடு, அதை வச்சு ஒரு கட்டு. சாதாரணமா இழுத்தா அந்தச் சரடு தாங்கும். பாறையில மாட்டிக்கிட்டா பலமா ஒரு வெட்டு வெட்டி இழுப்பாவ, சரடு அறுந்துரும், நங்கூரம் தலைகீழா உருவிக்கிட்டு வந்துரும். அறுந்துரணும்னே கட்டுற சரடு. அறுந்து போவாத சரடு சரடே இல்லைன்னு சொல்லுவாவ.

அந்தச் சரடு கட்டுற வேலை எங்க வீட்டுல நான்தான். கரையில உக்காந்து கட்டிக் கொடுத்துருவேன். ஆனா புது நங்கூரம் பாருங்க. ஒத்தைச் சரடு போட்டா, நடுவுல அறுந்து கிறுந்து நங்கூரம் நழுவிப் போயிரக் கூடாதேன்னு, நல்ல நைலான் சரடா ரெட்டையாப் போட்டு இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன். அவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சேன் அதுக்கு. அப்படியும் போச்சுன்னா வயிறு எரியுமா எரியாதா?

அன்னைக்குக் கச்சான் காத்து, மேக்கத்திக் காத்து, எடுத்துட்டு. வீட்டுக்குக் கெளம்பலாம்னு இவிய அணியத்துல நின்னு இழுக்காவ, மாட்டிக்கிட்டு. வெட்டி வெட்டி இழுக்காவ, சரடும் அறுந்து போவல, நங்கூரமும் வரல. இழுத்த கயிறு எல்லாம் காலடியில கெடக்கு. ஒரு பெரிய அலை. வள்ளம் மேல போவுது, நங்கூரம் கீழ இருக்கு, கையில இருந்த கயிறு விட்டுப் போச்சு, காலடியில கெடந்தது எல்லாம் ஓடுது, ஓடுனதுல இவிய காலைச் சுத்திட்டு. ஆளு தண்ணிக்குள்ள போயிட்டாவ. தொம்மை பின்தலையில இருந்து ஓடி வந்து, கத்தியை எடுத்துக் கயித்தை அறுத்துட்டான். பிறவு குதிச்சு இவியளைத் தூக்கிப் போட்டுக் கொண்டாந்தான்.

நான் கேட்டேன், ஏல, அறுத்ததுதான் அறுத்த, கொஞ்சம் கீழ தள்ளி அறுத்திருந்தா பாதிக் கயிறாவது மிஞ்சியிருக்கும்லன்னு. அவன் என்னை ஒரு மாதிரி பாத்தான். அத்தான் மூச்சு முட்டிக் கெடக்காரு, நீ கயித்தைக் கேக்கியான்னான். அட, நான் என்ன அறுத்தது தப்புன்னா சொன்னேன்? ஆளு வந்துட்டாவல்ல, கண்ணு முன்னாடி நிக்காவல்ல? வராததைத்தான கேக்க முடியும்.

அது எந்த ஊரு? முக்காணிப் பாலமா? ஆத்துல தண்ணி கெடக்கே. இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு. ஏய் தம்பி, பையை அந்தப் பக்கம் வைப்பா, பெட்டியில இடிக்குது.

தோள்பட்டைதான பிரச்சினை, நங்கூரம் இழுக்கத்தான முடியல, சரி, அதுக்கு மிஷின் வாங்கிட்டா? போன்ல ஒருத்தன் காட்டுனான். வெளிநாட்டுக்காரன், கால்மேல கால் போட்டு உக்காந்துக்கிட்டு பட்டனை அமுக்குதான். நங்கூரம் கூப்பிட்ட நாய்க்குட்டி மாதிரி மேல வருது. நான் அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். நான் ஒண்ணை நினைச்சிட்டா அப்புறம் எனக்கு உக்கார முடியாது டீச்சர். அடுப்புல சோறு இருந்தாலும் செருப்பை மாட்டிருவேன்.

தூத்துக்குடியில ஒரு கடை, துறைமுகத்துக்குப் போற ரோட்டுல. எத்தனை தடவை போயிருப்பேன்கிறீங்க! முதல்ல அந்தத் தம்பி என்னைப் பாத்துட்டு, சாருக்கு என்ன வேணும்னு எம் பின்னாடி எட்டிப் பாக்கான். சாரு இல்ல, நான்தான் வந்திருக்கேன்னேன். ஒரு பெரிய மிஷினை எடுத்து வச்சான். பளபளன்னு ஆளு நிக்கிற மாதிரி நிக்கு, மோட்டாரு தட்டுக்கு, அதான் மேல்தளத்துக்கு, அடியில இருக்குமாம். எங்க வள்ளத்துல ஏதுப்பா தட்டு, மேல போட்டா மேல, கீழ போட்டா கடலுன்னேன். அதுவும் சங்கிலியைத்தான் இழுக்குமாம். அதோட பல்லுச்சக்கரத்துக்கு ஏத்த சங்கிலியா இருக்கணுமாம், கொஞ்சம் மாறுனா வழுக்கிரும். நாங்க சங்கிலிக்கு எங்க போவ? எங்களது கயிறு. கேக்கிறவன் கேணையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பான். அதை எடுத்து உள்ள வைய்யி, கயிறு சுத்துற மிஷினைக் காட்டுன்னேன். இந்தா இது, உருளை மிஷின். கெணத்து ராட்டு மாதிரி, கயிறு பூராவும் இதுலயே சுத்திக்கிடும்.

வந்து இவியகிட்ட சொன்னேன். உடனே ஒரு நொட்டை. கரண்டு எங்கேருந்து வருங்காவ. பேட்டரி. இன்ஜின் பேட்டரி எறங்கிட்டா நடுக்கடல்ல எப்படி ஸ்டார்ட் பண்ணங்காவ. நியாயம்தான். மறுபடியும் தூத்துக்குடி. தனியா ஒரு பேட்டரி போடு, உப்புத்தண்ணி படாம பெட்டிக்குள்ள வையி, பெருவிரல் தண்டி ஒயர் போடுன்னான். பேட்டரி வாங்கியாச்சு, போன நங்கூரத்துக்குப் பதிலா இன்னொண்ணு அடிச்சு, கயிறும் வாங்கியாச்சு. அடுத்த நொட்டை, அணியத்துப் பலகை தாங்காது, பிச்சிக்கிட்டு வந்துரும். ஆசாரியைக் கூட்டியாந்து அடியில தேக்குப் பலகை கொடுத்து போல்ட்டு போட்டாச்சு. நாயை வெரட்டிட்டுத்தான் போட்டாரு, பாவம், ஒரு கடி. அடுத்தது, நங்கூரம் பாருல மாட்டிக்கிட்டா மிஷின் விடாம இழுத்து வள்ளத்தைத் தண்ணிக்குள்ள அமுக்கிரும். மறுபடியும் தூத்துக்குடி!

அந்தத் தம்பி பொறுமைசாலி, சொல்லணும். எக்கா, வள்ளத்தை இழுக்கிறது மிஷின் வேலை இல்ல, மாட்டுனதைப் பிடுங்குறதும் மிஷின் வேலை இல்ல. இன்ஜினைப் போட்டு நங்கூரத்துக்கு நேர் மேல வந்துரணும். தொங்குறதைத் தூக்கத்தான் மிஷின். அதுக்கும் மேல இழுத்தா இந்தச் சுச்சு தானா விழுந்துரும், மிஷின் நின்னுரும்னான். நங்கூரம், கயிறு எல்லாம் சேத்து என்ன கனமோ, அதைப்போல மூணு மடங்கு இழுக்கிற மிஷினா எடுங்க, போதும்னான். நான் ஒண்ணுவிடாம மனப்பாடம் பண்ணிட்டு வந்து இவியகிட்ட ஒப்பிச்சேன். நீங்களே சொல்லுங்க, வேற எவ செய்வா? நொண்டிக் குதிரைக்குச் சறுக்குனது சாக்குன்னு, எதைச் சொன்னாலும் ஒரு சாக்கு. ஆனா நான் ஒரு சாக்கைக்கூட மிச்சம் வைக்கலயே! ஒவ்வொண்ணா அடைச்சிட்டேன்.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டாவ. கயிறு ஓடும்போது ஆளு எங்க நிக்கணும்? சோறு திங்கும்போது கேக்காவ. ஐஸ் போடும்போது கேக்காவ. நடுச்சாமத்துல எழும்பி உக்காந்து, ஜெசி, கயிறு ஓடும்போது ஆளு எங்க நிக்கணும்னு கேட்டியாங்காவ. நான் சொன்னேன், எங்கயும் நிக்க வேண்டாம், பட்டன் நீள ஒயர்ல இருக்கு, பின்தலையில உக்காந்துக்கிட்டே அமுக்கலாம்னு. ஒரு பொம்பள, நான்கூட அமுக்கலாம், கடையில அமுக்கிப் பாத்தேனேன்னேன்.

அதுக்கு என்ன சொன்னாவ தெரியுமா? அப்ப நீ வான்னாவ.

எப்படி இருக்கு கதை! எங்க ஊர்ல பொம்பள வள்ளத்துல ஏறக் கூடாது டீச்சர். கரையில நின்னு தள்ளிவிடலாம், மீனை எறக்கலாம், ஏறி உக்காரக் கூடாது. எங்க அம்மை ஏறுனதில்ல, அவ அம்மை ஏறுனதில்ல. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். இவிய சிரிக்கல. பிறவு லைட்டைப் போட்டுட்டுத் திரும்பிப் படுத்துட்டாவ. அது வேற ஒரு கூத்து, வைகாசியில இருந்து லைட்டைப் போட்டுக்கிட்டுத்தான் தூக்கம். அணைச்சா எழும்பிருதாவ. எனக்குக் கண்ணு கூசி ஒரு பொட்டுத் தூக்கம் கெடையாது.

சரின்னு நேத்து முடிவு பண்ணுனேன். இவியகிட்ட கேட்டா இன்னும் ஒரு வருசம் ஆவும். காலையில முதல் வண்டி, வாங்கியாச்சு, இந்தா காலுக்கடியில இருக்கு. நாளைக்கு மாட்டிரலாம். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிச்சு, திங்கக்கிழமை எறக்கிரணும். இனிமே என்ன சொல்லுவாவ? தோளு வலிக்குன்னு சொல்ல முடியாதுல்ல. பட்டன் அமுக்கத் தோளு எதுக்கு?

என்ன கேட்டீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க, ஆறுமுகநேரி வந்தாலே ஹாரனு.

ஐஸ் தூக்கும்போது வலிக்காதான்னா?

அது வேற டீச்சர். ஐஸ் வந்து... ஐஸ் தோள்ல வச்சுத் தூக்குறது. இது இழுக்குறது. தூக்குறது வேற, இழுக்குறது வேற. ஐஸ் பாளத்தையும் கொக்கி போட்டு இழுக்கத்தான் செய்யணும் முதல்ல. இழுத்து, சாய்ச்சு, தோள்ல ஏத்தி. எந்தத் தோள்லன்னா... இந்தத் தோள்லதான். வலிக்குன்னு சொன்ன தோள்லதான்.

இருங்க. பேசாதீங்க கொஞ்சம்.

நாலு மாசமா பாக்கேனே டீச்சர். தெனம் எனக்கே போட்டுத் தாராவளே. அந்தக் களிம்பு டப்பா அப்படியே இருக்கு, மூடி திறக்கல. நான் வேற, விலை கொடுத்து வாங்குனதைத் தேய்க்க மாட்டேங்கியளேன்னு ஏசிக்கிட்டு இருந்தேன். கடக்கரைப் பக்கமே வரக் காணும். சாயங்காலம் எல்லாரும் மணல்ல உக்காந்திருப்பாவ, இவிய கோயிலுக்குப் பின்னாடி ரோட்டுப் பக்கமா போயி உக்காருவாவ. என்னன்னு கேட்டா காத்து நல்லா வருதுங்காவ. ரோட்டுல என்ன காத்து? லாரி போற காத்து.

பயமா? அவியளுக்கா? கஸ்பாருக்கா?

சொல்லித் தொலைக்க வேண்டியதுதான டீச்சர்! பயமா இருக்கு ஜெசின்னு ஒரு வார்த்தை! நான் என்ன பேயா? நான் பாட்டுக்குத் தூத்துக்குடிக்கும் வீட்டுக்கும் நாயா அலையுதேன், பேட்டரிங்கேன், பலகைங்கேன், ஆசாரி நாய்க்கடி வாங்குதான். இந்த மனுசன் பேட்டரி எங்கங்காவ, பலகை எங்கங்காவ, கடைசி வரைக்கும் அதைச் சொல்லல. எப்படிச் சொல்லுவாவ? அணியத்துல நின்னதைப் பாத்துத்தான் கட்டிக்கிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதேன், என்கிட்ட எப்படிச் சொல்லுவாவ.

வேண்டாம், தண்ணி வேண்டாம். இல்ல, கொடுங்க.

மிஷினைத் திருப்பிக் கொடுக்கவா? அது எப்படிக் கொடுக்க? வள்ளத்தை வித்துட்டு ஐஸ்காரன் பொண்டாட்டியாவே இருந்துரலாம், அதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல. அவிய உசுரோட இருக்காவல்ல. மூச்சு முட்டிக் கெடந்தாவன்னு தொம்மை சொன்னான், நான் கயித்தைக் கேட்டேன். ஆனா டீச்சர், கடலு வேண்டாம்னு அவிய ஒரு நாளும் சொல்லலயே. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருப்பாவ. எங்க நிக்கணும்னுல்ல கேட்டாவ. அப்ப நீ வான்னுல்ல சொன்னாவ. சிரிக்காம சொன்னாவ டீச்சர்.

போன் அடிக்குது. அவியதான். இருங்க, இருங்க, எந்தப் பக்கம் தள்ளணும் இதை?

ஏங்க. ஆமா, வண்டியில வந்துக்கிட்டு இருக்கேன். வாங்கிட்டேன். இல்ல, கனமில்ல, காலுக்கடியில வச்சிருக்கேன். கேளுங்க முதல்ல. நீங்க ஒண்ணு கேட்டியளே, கயிறு ஓடும்போது ஆளு எங்க நிக்கணும்னு. எம் பக்கத்துல நிக்கணும். ஆமா. பின்தலையில, எம் பக்கத்துல. அணியத்துல ஒருத்தரும் நிக்க வேண்டாம், தொம்மை இன்ஜினைப் பாக்கட்டும், பட்டனை நான் அமுக்குதேன். திங்கக்கிழமை நானும் வாரேன்.

விளையாட்டா? நான் எப்பங்க விளையாடியிருக்கேன்? ஊரு பேசுனா பேசட்டும். வரி வாங்குற ஊர்க் கமிட்டிக்காரன் வந்து கேட்டா பட்டனை அவன் கையில கொடுக்கேன், நீ வந்து அமுக்குடா தெனமும்னு. வாந்தியா? எடுத்தா எடுத்துட்டுப் போறேன், கடலுதான, யாரு கழுவணும்.

ஏங்க? இருக்கியளா? என்ன சொல்லுதிய, சத்தமாச் சொல்லுங்க.

...

தெரியும். எனக்குத் தெரியாதாக்கும்? ஐஸ் பாளத்தைத் தூக்கித் தூக்கிப் போடுதிய, தோளு வலிக்கலைன்னு எனக்குத் தெரியாதா? முதல் நாளே தெரியும். நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். ஆமா. சரி, சரி. அழாதிய. பக்கத்துல ஆளுக நிக்கப் போறாவ. நான் வந்து பேசுதேன். என்ன? சரி. சரி, அப்படியே செய்யுதேன். வைங்க.

என்ன டீச்சர் அப்படிப் பாக்கீங்க? முதல் நாளே தெரியும்னுதான் சொல்லணும். அஞ்சு நிமிசத்துக்கு முன்னாடி பஸ்ல ஒரு டீச்சர் சொல்லித் தெரிஞ்சுதுன்னா சொல்ல முடியும்?

திருச்செந்தூர் வந்துட்டு பாருங்க, எறங்குங்க. குடையை விட்டுட்டுப் போறீங்களே. இந்தாங்க.

ஒண்ணு சொல்லிட்டு வச்சாவ டீச்சர். கோவமா எல்லாம் சொல்லல, மெதுவாத்தான் சொன்னாவ. ஜெசி, இந்தத் தடவை சரடு மட்டும் ஒத்தையாக் கட்டு, அறுந்தா அறுந்துட்டுப் போவுதுன்னாவ. நாலு மாசமா ஒரு வார்த்தை இதைப் பத்திச் சொல்லல. இன்னைக்குத்தான் சொல்லுதாவ.

ஒத்தையாப் போட்டா நங்கூரம் போயிருமேன்னு சொல்ல வாயெடுத்தேன். சொல்லல.

போனாப் போவுது டீச்சர். நங்கூரம்தான. பட்டறையில சொன்னா இன்னொண்ணு அடிச்சுத் தருவான்.